கூரைக்கு அறுநூறு

கரும்பாளையம்
12.3.2025

தம்பி அஜித்,

உனக்குப் போன் போட்டால் ஒரு பெண் எடுத்து, நீ தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாகச் சொல்கிறாள். உன் பெண்டாட்டி மணிமொழி உன்னிடம் பேசியதைவிட அந்தப் பெண்ணின் பேச்சைக் கேட்டதுதான் அதிகம். மலையில் டவர் கிடைக்கும்வரை பொறுத்தால் என் கோபம் ஆறிவிடும். அது ஆறக்கூடாது. அதனால் வெள்ளிமலை பஸ் கண்டக்டர் சுபாஷ் அண்ணனிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்து அனுப்புகிறேன். ஒட்டித்தான் கொடுக்கிறேன். பிரிந்திருந்தால் அவரையே கேள்.

நம் பேரூராட்சியில் தீயணைப்புச் சேவைக் கட்டணம் என்று புதிதாக ஒன்று போட்டிருக்கிறார்கள். வீட்டு வரியோடு சேர்த்து வருடா வருடம் கட்ட வேண்டும். ஊருக்குத் தீயணைப்பு நிலையம் வரப்போகிறதாம். இடமும் கட்டடமும் பேரூராட்சி கொடுக்க வேண்டுமாம். அதற்கான பணத்தை நாங்கள் கொடுக்க வேண்டுமாம். நிலையம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஏரிக்கரைக் கரும்பு பற்றிக்கொண்டபோது, தூரத்திலிருந்து வண்டி வந்து சேர்வதற்குள் தோகை, கட்டை எல்லாம் சாம்பலானதைப் பார்த்தவள் நான்.

எரிச்சல் வேறு இடத்தில். மாடி வீட்டுக்கு இருநூறு, கூரை வீட்டுக்கு அறுநூறு. ஏன் என்றால் கூரை சீக்கிரம் பற்றுமாம். தலைவரின் மச்சான் நடத்துகிற கல்யாண மண்டபத்துக்கு மூன்று மாடி. உள்ளே டீசல் ஜெனரேட்டர், அடுக்கடுக்காகச் சிலிண்டர், மேடை நிறைய தெர்மாகோல். அது மாடிக் கணக்கு, இருநூறு. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் குடிசையில் இருக்கும் கரும்பு வெட்டுகிற அம்மாசி அண்ணனுக்கு அறுநூறு. அவர் வீட்டில் எரிவதற்கு என்ன இருக்கிறது? ஒரு பாய், ஒரு கொடிக்கயிறு, அதில் தொங்கும் நாலு துணி. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று உனக்கும் தெரியும், கணக்குப் போட்டவர்களுக்கும் தெரியும். மாடி கட்ட வக்கில்லாததற்கு அபராதம் என்று நேராகவே எழுதியிருக்கலாம்.

இதில் உன் பங்கும் இருக்கிறது. என் வீடு தளம் போட்ட வீடு. எனக்கும் அறுநூறு என்று நோட்டீஸ் வந்திருக்கிறது. போன வருடம் இலவச வீட்டுக்குக் கணக்கெடுக்க வந்தபோது லீவில் வந்திருந்த நீதான் தெருத் தெருவாகச் சொல்லிக்கொண்டு போனாய். "வூட்டக் காட்டாதீங்க, முன்னாடி சமையல் கொட்டகையக் காட்டி போட்டோ எடுத்துக்கங்க. கூரைன்னு எழுதிக்குவாங்க." முழுத் தெருவும் தளத்தை மறைத்துக்கொண்டு கொட்டகை முன்னால் நின்று சிரித்தது. இலவச வீடு ஒருவருக்கும் வரவில்லை. அந்தப் போட்டோவை எடுத்துத்தான் இப்போது கட்டணம் போட்டிருக்கிறார்கள். உன் மாமா தங்கமணி நோட்டீசைப் பார்த்துவிட்டுச் சொன்னது: "ஒந்தம்பி நெருப்ப அணைக்கிற வேலைக்குப் போனானா, பத்த வெக்கிற வேலைக்குப் போனானா?"

கூரைக் கட்டணம் குறையும்வரை யாரும் ஒரு பைசா கட்டுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். முடிவு செய்தது நான். மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

செல்வி

*

கரியாலூர் முகாம்
16.3.2025

அக்கா,

சுபாஷ் அண்ணன் கடிதத்தைப் பிரிக்கவில்லை. ஆனால் கையில் கொடுக்கும்போது, "கூரைக்கு அறுநூறு அநியாயந்தாம்பா" என்று சொல்லிவிட்டு விசில் ஊதினார்.

இங்கே வேலை உனக்குத் தெரிந்ததுதான். தீயணைப்புக்காரர்கள் நாங்கள் வனத்துறை ஆட்களோடு சேர்ந்து சருகைக் கூட்டித் தீத்தடுப்புக் கோடு போடுகிறோம். காலையில் கூட்டுகிறோம், மத்தியானக் காற்று திரும்பக் கொண்டுவந்து போடுகிறது. தீ வந்தால் அணைக்கலாம். சருகை யாரும் அணைக்க முடியாது. சமையல் செய்கிற அண்ணன் மூன்று வேளையும் கொள்ளு ரசம் வைக்கிறார். குதிரைக்குப் போட்டிருந்தால் இந்நேரம் பந்தயத்துக்குப் போயிருக்கும்.

போட்டோ விஷயத்தில் நான் சொன்னது உங்கள் நல்லதுக்குத்தான். ஊரில் எல்லோரும் அதைத்தான் செய்தார்கள். நான் வாயால் சொன்னேன், அவ்வளவுதான்.

இப்போது நான் சொல்வதைக் கொஞ்சம் கேள். அந்தப் புது நிலையத்துக்கு மாற்றல் கேட்டு நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். உள்ளூர் ஆட்களுக்கு முதலில் கொடுப்பதாகப் பேச்சு. எனக்கும் மணிக்கும் கல்யாணமாகி ஆறு மாதம் ஆகிறது. இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்ட வேளை எத்தனை என்று அவளைக் கேள், விரல் மிச்சம் இருக்கும். அவள் கள்ளக்குறிச்சி துணிக்கடையில் நாளெல்லாம் நின்றுவிட்டு வந்து அம்மாவோடு தனியாகச் சாப்பிடுகிறாள். நான் இங்கே கொள்ளு ரசம் குடிக்கிறேன்.

இந்த மாதம் முடிவதற்குள் பேரூராட்சி கட்டணக் கணக்கை முடித்து மேலே அனுப்பவில்லை என்றால், ஒதுக்கிய வண்டி வேறு ஊருக்குப் போய்விடும். ஆளும் அதோடு போவான். எங்கள் அதிகாரி சொன்னார். நீ சண்டை போடு, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஏப்ரலில் போடு. நிலையம் வந்த பிறகு நானும் கூட நிற்கிறேன்.

உன் நோட்டீசுக்கு வழி இருக்கிறது. மாடியில் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போய், தவறாகப் பதிவாகிவிட்டது என்று எழுதிக் கொடு. மாற்றித் தருவார்கள். இருநூறைக் கட்டிவிட்டுப் பேசாமல் இரு.

மணியிடம் நான் நல்லபடியாக இருக்கிறேன் என்று சொல்.

அஜித்

*

கரும்பாளையம்
20.3.2025

தம்பி,

நீ சொன்னபடியே செய்தேன். அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். உன் கடிதம் வந்த அன்று மணி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அதைப் படித்துக் காட்டினேன். சிரித்தாள், பிறகு சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். எனக்கு மனசு கேட்கவில்லை. அறுநூறோ ஆறாயிரமோ, என் தம்பி வீட்டுக்கு வரட்டும் என்று தோன்றிவிட்டது.

அதற்கு ஏற்றமாதிரி மறுநாளே ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். கூரை என்று தவறாகப் பதிவான மாடி வீட்டுக்காரர்கள் போட்டோவோடு வந்தால் உடனே திருத்தித் தரப்படும் என்று. இரண்டே நாளில் எங்கள் ஒற்றுமையை உடைக்க செயல் அலுவலர் கண்டுபிடித்த வழி. நல்ல வழிதான். பேரூராட்சி வாசலில் வரிசை ரோடுவரை வந்துவிட்டது. போன வருடம் தளத்தை முந்தானையால் மறைத்தவர்கள் எல்லாம் இப்போது போனில் கைப்பிடிச் சுவர், தண்ணீர் டேங்க், படிக்கட்டு என்று காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். நம் தெருப் பெரியம்மாள் மொட்டைமாடியில் மிளகாய் காயவைத்துக்கொண்டு எடுத்த போட்டோவைக் கொண்டுவந்திருந்தாள். மாடி பொய்யல்ல என்பதற்கு மிளகாய் சாட்சியாம். அவளுக்குப் பின்னால் நான், என் போட்டோவோடு.

அம்மாசி அண்ணன் தவணை கேட்க வந்திருந்தார். என்னைப் பார்த்துவிட்டார்.

"இன்னா செல்வி, நீயும் மாடியாயிட்டியா?"

"என் வூடு மாடிதானேண்ணே."

"போன வருசம் கூரையா இருந்துச்சே."

போனை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன். அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். "பரவால்ல. எல்லாரும் மேல ஏறிட்டீங்கன்னா கீழ நாங்க கொஞ்சம் காத்தாட இருப்போம்."

அவர் முறை வந்தது. கிளார்க்கிடம் ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்.

"சார், எப்பிடியோ கடன்கிடன் வாங்கி அறுநூறு கட்டிப்புடறேன்னு வைங்க. எங்கூடு பத்திக்கிச்சின்னா வண்டி எங்கூட்டாண்ட வருமா?"

"வாய்க்கா பாலம் அந்த வெயிட்டு தாங்காதுய்யா. இந்தாண்டயே நிக்கும்."

"அப்ப அறுநூறு எதுக்கு சார்?"

"வண்டி வர்றதுக்கு."

"எது வரைக்கும் சார்?"

வரிசையே சிரித்தது. கிளார்க்கும் சிரித்தார். நான் சிரித்துமுடித்த பிறகுதான் என்ன கேட்டோம் என்பது எனக்கு உறைத்தது. மூன்று மடங்கு கட்டுகிறவன் வீட்டுக்குத்தான் வண்டி போகாது. அவன் பாலத்தில் நின்று, நம் பக்கத்தில் நிற்கிற சிவப்பு வண்டியைப் பார்த்துக்கொண்டே எரிய வேண்டும். இதைக் கணக்குப் போட்ட ஆள் ஒருவன் சம்பளம் வாங்குகிறான்.

கிளார்க் எரிச்சலில் இன்னொன்றும் சொல்லிவிட்டார். ஊர் வீடுகளில் பாதிக்கு மேல் ஆட்சேபனை எழுதிக் கொடுத்தால் தீர்மானத்தை மறுபடி கூட்டத்தில் வைத்தே ஆக வேண்டுமாம். அதுவும் கூரைக் கட்டணம் விதிக்கப்பட்டவர்கள் எழுதினால்தான் செல்லுமாம். "இப்ப வரிசைல நிக்கறவங்க எல்லாம் மாடியாயிட்டா கூரை எத்தினி மிச்சம்மா? ஒரு கை அளவு. அவங்க எழுதி இன்னா ஆவப் போவுது?"

அவர் எங்களைப் பயமுறுத்தத்தான் சொன்னார். எனக்கு வழி காட்டிவிட்டார். நிஜக் கூரை ஒரு கை அளவுதான். நம்முடைய பொய்க் கூரையையும் சேர்த்தால் ஊரில் பாதிக்கு மேல் கூரை. அப்படியானால் ஒருவரும் மாடியாகக் கூடாது.

போட்டோவைப் போனிலிருந்து அழித்துவிட்டு வரிசையைவிட்டு வந்தேன். பெரியம்மாளையும் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். அவள் மிளகாய் மிளகாய் என்று கத்திக்கொண்டே வந்தாள். இன்று சாயங்காலத்திலிருந்து வீடு வீடாகப் போகிறேன்.

மாதக் கடைசி தாண்டிவிடும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்கிறேன். திட்டு.

செல்வி

*

கரியாலூர் முகாம்
22.3.2025

அக்கா,

திட்டச் சொன்னாய். திட்டுகிறேன்.

உனக்கு எப்போதும் ஊர் முக்கியம், கூடப் பிறந்தவன் ஊருக்கு அப்புறம். பள்ளிக்கூடத்தில் சத்துணவில் முட்டை தரவில்லை என்று நீ வாசலில் உட்கார்ந்தபோது அடி வாங்கியது நான். அம்மாசி அண்ணன் பாவம்தான். ஏப்ரலில் பாவமாக இருக்க மாட்டாரா? ஒரு வாரம் பொறுத்தால் என்ன கொள்ளை போகும்? பேரூராட்சியோடு சண்டை போடுகிறேன் என்று என் குடும்பத்தைப் பாலத்தில் நிற்க வைக்கிறாய்.

எனக்காக வேண்டாம். மணியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு உன்னால் எப்படி வீடு வீடாகப் போக முடிகிறது?

இனிமேல் எழுதாதே.

அஜித்

*

கரும்பாளையம்
28.3.2025

எழுதாதே என்றவனுக்கு,

கேட்டதற்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. மணியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிப் போனேன் என்றா கேட்டாய்? நான் போகவில்லை. அவள்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். ஆட்சேபனை மனுவில் முதல் கையெழுத்து உன் பெண்டாட்டியுடையது.

"ஒரு வாரம் பொறுத்துக்கலாமா மணி? அவன் வந்துரட்டும்" என்று நானே கேட்டேன். நம்பினால் நம்பு. அவள் பேனாவைத் திறந்துகொண்டே சொன்னாள்: "வந்து இன்னா பண்ணுவாரு அண்ணி? அம்மாசி அண்ணன் வூடு எரியச் சொல்லோ அவரு இந்தாண்ட வண்டி மேல நின்னுகினு பாத்துகினு இருப்பாரு. அதப் பாக்கறதுக்கா நான் அவர வரச் சொல்லிகினு இருக்கேன்?"

அதற்குப் பிறகு கடை முடிந்து வந்ததும் தினமும் அவள்தான் முன்னால். துணிக்கடையில் புடவை விற்கிற பெண் அல்லவா. வேண்டாம் என்று சொன்ன வீட்டில்தான் அரை மணி நேரம் உட்கார்ந்து, விரித்து விரித்துக் காட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு எழுகிறாள்.

நேற்று செயல் அலுவலரே நேரில் சோதிக்க வந்துவிட்டார். இத்தனை கூரையா என்று அவருக்குச் சந்தேகம். நம் வீட்டு முன்னால் நின்று அண்ணாந்து பார்த்தார்.

"இது தளந்தானே?"

"ஆமா சார்" என்றார் உன் மாமா.

"அப்ப மாடி வீடுதானே?"

"அது வேர்க்கடல போட்டு வெக்கறதுக்கு சார். நாங்க இருக்கறது கொட்டகைலதான். உள்ள ஒரே புழுக்கம்."

பக்கத்து வீட்டில் தளம் ஆட்டுக்குட்டிக்காக என்றார்கள். அதற்கடுத்த வீட்டில் தளத்தின் கீழ் படுத்தால் மாமியாருக்கு மூச்சு முட்டுகிறது என்றார்கள். மாமியார் உடனே மூச்சு முட்டிக் காட்டினார். பெரியம்மாளிடம் வந்தபோது அவர் களைத்துப்போயிருந்தார்.

"ஏம்மா, எல்லாரும் கட்டணத்தக் கொறைக்கச் சொல்வாங்க. மூணு மடங்கு ஜாஸ்தியா கட்டறேன்னு அடம் புடிக்கற ஊர நான் பாத்ததே இல்ல."

"கட்டறோம்னு யாரு சார் சொன்னது?" என்றாள் பெரியம்மாள். "கூரைன்னுதான் சொல்றோம்."

அவர் ஒத்துப்பார்க்கக் கொண்டுவந்த போட்டோக்கள் எல்லாம் போன வருடம் அவர்களே எடுத்துவைத்தவை. இது கூரை இல்லை என்று எழுதினால், பார்க்காமலே கட்டணம் போட்டதாக ஆகிவிடும். பாவம், மனுஷனுக்கும் மேலே ஒரு அதிகாரி இருக்கிறார்.

பாதிக்கு மேல் கையெழுத்து வாங்கியாயிற்று. மனு கொடுத்தாயிற்று. உன் மார்ச் மாதம் முடியப் போகிறது. இதை எழுதும்போது எனக்கு வருத்தம் இல்லை என்று நினைக்காதே.

அக்கா

*

கரியாலூர் முகாம்
1.4.2025

அக்கா,

முட்டாள்கள் தினத்தில் எழுதுகிறேன். ஆள் பொருத்தம்தான்.

உன் கடிதத்தைச் சுபாஷ் அண்ணன் கொடுத்தபோது வாங்க மாட்டேன் என்றேன். "ஒம் பொண்டாட்டி கையெழுத்து போட்டது தெரியுமா தெரியாதா?" என்று கேட்டுவிட்டு, பஸ்ஸை நிறுத்திக் காத்திருந்தார். உள்ளே உட்கார்ந்திருந்த ஜனங்கள் ஜன்னலில் தலையை நீட்டிப் பார்த்தார்கள். வாங்கினேன். இந்த மலையில் என் வீட்டு விஷயம் தெரியாத ஆள் இனி குரங்கு மட்டும்தான்.

மணி சொன்னதைப் படித்துவிட்டு அன்று சருகு கூட்டப் போகவில்லை. பாலம் தாங்காது என்பது எனக்குத் தெரியும் அக்கா. வண்டியின் எடை எனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? அந்தப் பாலத்தின் மேல் நடந்துதான் அம்மாசி அண்ணன் வீட்டுப் பையனோடு கபடி ஆடப் போவேன். இரண்டையும் நான் ஒருநாளும் சேர்த்து யோசித்ததில்லை. வேலைக்குச் சேர்ந்தவன் வண்டியை மட்டும் யோசிக்கிறான்.

கூட்டத்தில் இதைக் கேட்டுப் பார். நான் அணைக்கப் போனது பெரும்பாலும் கரும்புத் தோட்டம், வைக்கோல் போர், கடை, மின்சாரக் கோளாறான வீடு. குடிசை எரிந்து போனது இரண்டு. அந்த இரண்டும் அடுப்பால் இல்லை, மேலே தாழத் தொங்கிய மின்கம்பியால். மண்டபத்துச் சிலிண்டர் வெடித்தால் எங்களுக்கு மூன்று வண்டி வேண்டும். யார் அதிகம் கட்ட வேண்டும் என்று அவர்களையே கேள். கட்டணத்துக்கு முன்னால் பாலத்தைக் கேள். என் பெயரைச் சொல்லாதே, வாங்குவது அரசாங்கச் சம்பளம்.

நேற்றோடு கெடு முடிந்தது. வண்டி வேறு ஊருக்குப் போகிறதாம். அதிகாரி சொன்னபோது, "சரிங்க சார்" என்றேன். வேறு என்ன சொல்ல? கொள்ளு ரசம் இப்போது பழகிவிட்டது என்று மணியிடம் சொல். பழகவில்லை. அதையும் சொல்.

என்மேல் அவளுக்குக் கோபமா என்று மட்டும் கேட்டு எழுது.

அஜித்

*

கரும்பாளையம்
11.4.2025

தம்பி,

நேற்று கூட்டம் நடந்தது. உன் பெயரைச் சொல்லவில்லை. மின்கம்பியையும் சிலிண்டரையும் சொன்னேன். தலைவர் எழுந்து, மண்டபம் பொதுச்சேவை என்றார். "வாடக எவ்ளோங்க?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள். அதன் பிறகு அவர் பொதுச்சேவையைப் பற்றிப் பேசவில்லை. அம்மாசி அண்ணன் கிளார்க்கிடம் கேட்டதையே மறுபடி கேட்டார். இந்தமுறை யாரும் சிரிக்கவில்லை.

கூரைக்குக் கட்டணம் கிடையாது என்று முடிவாகிவிட்டது. தளம் உள்ளவர்களுக்கு மாடிக்கு மாடி கணக்கு, ஜெனரேட்டருக்குத் தனி. மண்டபத்துக்கு வந்திருக்கிற தொகையைக் கேட்டு ஊரே நிம்மதியாகத் தூங்கியது. நாங்கள் எல்லோரும் ஒரே நாளில் மறுபடி மாடியாகிவிட்டோம், உண்மையான மாடியாக. எங்களுக்கு இருநூற்றைம்பது. பெரியம்மாள் நடுத்தெருவில் நின்று திட்டினாள்: "ஒம் பேச்சக் கேட்டு அம்பது ரூவா ஜாஸ்தியாச்சி. அன்னிக்கே மொளகாயக் காட்டியிருப்பேன்." திட்டிவிட்டு, முதல் ஆளாகப் போய்க் கட்டினாள்.

பாலம் கட்டித் தருவதாக வாய்ச்சொல் கொடுத்திருக்கிறார்கள். வாய்ச்சொல்லின் மேல் தீயணைப்பு வண்டி ஏறாது. அதனால் அடுத்த மனுவை எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் கையெழுத்து யாருடையது என்று உனக்குத் தெரியும்.

இனி நீ கசப்பானதைக் கேள். நமக்கு அடுத்த வண்டி ஆடியில்தான் வருமாம். அதற்குள் வேறு யாரை எங்கே போடுவார்கள், உனக்கு இந்த இடம் கிடைக்குமா என்று யாருக்கும் தெரியாது. உன்னுடைய மாதங்களை எடுத்துத்தான் அம்மாசி அண்ணன் கட்டணத்தை அடைத்தோம். உன்னைக் கேட்காமல் எடுத்தேன். மறுபடி இப்படி வந்தாலும் எடுப்பேன். அது வேறு.

மணிக்குக் கோபமா என்று கேட்டாய். உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். நேரே போய்க் கடை முதலாளியிடம் இரண்டு நாள் லீவு கேட்டாள். அவர் மூஞ்சியைத் தூக்கினார். பங்குனிக் கடைசியில் சித்திரை வியாபாரம் இருக்கும்போது லீவா என்றார். அவரிடமும் அரை மணி நேரம் உட்கார்ந்துதான் எழுந்து வந்தாள்.

இந்தத் தடவை கடிதத்தைச் சுபாஷ் அண்ணனிடம் கொடுக்கவில்லை. டிக்கெட் மட்டும் அவரிடம் வாங்கியது. உன் முகாம் சமையல்கார அண்ணன் வீட்டில் அவர் சம்சாரம் இடம் தருவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். மணி கையில் தூக்கில் கோழிக் குழம்பு இருக்கும். வளைவுகளில் அவளுக்குத் தலை சுற்றியிருக்கும். கேட்டால் இல்லை என்பாள்.

இன்னும் என்ன படித்துக்கொண்டு நிற்கிறாய்? அவளுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடு.

அக்கா